ஏசர் ஆஸ்பைர் ஒன் சிறுமடிக்கணினியில் நினைவகத்தை உயர்த்துதல்

ஏசர் ஆஸ்பைர் ஒன் என்பது 2008ஆம் ஆண்டின் நடுவில் தைவானைச் சேர்ந்த ஏசர் நிறுவனம் வெளியிட்ட சிறுமடிக்கணினி ஆகும். 'நெட்புக்' என்று அழைக்கப்பட்ட மலிவு விலைக் கணினிகளின் வரிசையில் இது பரவலாக விற்பனையானது. 8.9 அங்குலத் திரை, 1.6 கிகாஹெர்ட்சு வேகம் கொண்ட இன்டெல் ஆட்டம் என்270 செயலி, ஏறத்தாழ ஒரு கிலோ எடை ஆகியவை இதன் முதல் மாதிரியின் அடையாளங்கள். இதில் நினைவகத்தை (ராம்) கூட்டுவது பிற சிறுமடிக்கணினிகளில் செய்வது போல ஐந்து நிமிட வேலை அன்று. தாய்ப்பலகையையே வெளியே எடுத்துத் திருப்ப வேண்டும். ஆகவே, சிறிய மடிக்கணினி ஒன்றை முழுவதுமாகப் பிரித்துச் சேர்ப்பதை அறிந்துகொள்ள இது ஏற்ற எடுத்துக்காட்டாக உள்ளது.

இக்கட்டுரை ஏ110, ஏ150 என்னும் முதல் தலைமுறை மாதிரிகளைப் பற்றியது. பின்னர் அதே பெயரில் வந்த 10 அங்குல மாதிரிகளின் உள்ளமைப்பு வேறு.

பின்னணி

ஏ110 மாதிரியில் 512 எம்பி நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனுடன் 8 ஜிபி திண்மநிலைச் சேமிப்பகமும் லின்பஸ் லினக்ஸ் இயங்குதளமும் வந்தன. ஏ150 மாதிரியில் வன்தட்டும் பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பியும் இருந்தன. அதன் 1 ஜிபி நினைவகம் என்பது பற்றவைத்த 512 எம்பியும், செருகுவாயில் வைத்த மற்றொரு 512 எம்பி பலகையும் சேர்ந்ததாகும். இரு மாதிரிகளிலும் இருப்பது ஒரே ஒரு செருகுவாய். ஏ110 மாதிரியில் அது காலியாக இருக்கும்.

இந்தச் செருகுவாய் தாய்ப்பலகையின் கீழ்ப்பக்கத்தில் அமைந்துள்ளது. கணினியின் அடிப்பகுதியில் ஒரு சிறு மூடியை வைத்திருந்தால் இரண்டு திருகாணிகளைக் கழற்றி வேலையை முடித்திருக்கலாம். ஏசர் அந்த மூடியை வைக்கவில்லை. அக்காலத்தில் இதனுடன் போட்டியிட்ட ஆசுஸ் ஈ பிசி 701, 901 ஆகியவற்றில் அத்தகைய மூடி இருந்தது. வாங்குபவர் நினைவகத்தைக் கூட்ட நினைக்கமாட்டார் என்ற கணிப்பு இவ்வடிவமைப்பில் தெரிகிறது. அக்கணிப்பு தவறானது. 512 எம்பியில் ஓர் உலாவியும் ஓர் அலுவலகச் செயலியும் சேர்ந்து ஓடத் திணறியதால், வெளிவந்த சில மாதங்களிலேயே பலரும் இக்கணினியைப் பிரிக்கத் தொடங்கினர்.

1 ஜிபி என்ற எல்லைக்கு வேறொரு காரணமும் உண்டு. மலிவுக் கணினிகளுக்கு எக்ஸ்பியைக் குறைந்த விலையில் வழங்கிய மைக்ரோசாஃப்ட், அவ்வுரிமத்தைப் பெறும் கணினிகள் 1 ஜிபிக்கு மேல் நினைவகத்துடன் விற்கப்படக் கூடாது என்று வரையறுத்திருந்தது. அதனால் வெவ்வேறு நிறுவனங்களின் நெட்புக்குகள் ஒரே அளவில் நின்றன. இது விற்பனைக்கான விதி மட்டுமே. வாங்கியவர் பின்னர் நினைவகத்தைக் கூட்டுவதை அது தடுக்காது.

நினைவகம் குறைந்தால் என்ன ஆகும்

செயலி கையாளும் தரவு முழுவதும் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். இடம் போதாதபோது இயங்குதளம் அப்போதைக்குத் தேவைப்படாத பக்கங்களைச் சேமிப்பகத்துக்கு மாற்றி, வேண்டும்போது திரும்ப எடுக்கும். இது இடமாற்றம் எனப்படும். நினைவகத்தில் ஒரு தரவைத் தேடி எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். மடிக்கணினி வன்தட்டில் முள் நகர்ந்து உரிய இடத்தை அடைய 10 மில்லி நொடிக்கு மேலும் ஆகலாம். இது ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு. ஏ150 மாதிரியில் வன்தட்டு விளக்கு இடைவிடாமல் மின்னிக்கொண்டிருக்க, சுட்டி மட்டும் அசையாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஏ110 மாதிரியில் நிலைமை இன்னும் மோசம். அதன் திண்மநிலைச் சேமிப்பகம் படிப்பதில் பரவாயில்லை, ஆனால் எழுதுவதில் மிக மெதுவானது. இடமாற்றம் என்பதோ அடிக்கடி எழுதும் வேலை. மேலும், மின்வெட்டு நினைவகச் சில்லுகள் குறிப்பிட்ட எண்ணிக்கை வரையே அழித்து எழுதப்படக் கூடியவை. இடமாற்றத்தை நிறுத்திவைத்தாலும் இக்கட்டு நீங்காது. நினைவகம் தீர்ந்தவுடன் லினக்ஸ் ஏதாவது ஒரு நிரலைத் தானாகவே நிறுத்திவிடும். அது பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் உலாவியாக இருக்கும்.

எந்த ராம் பொருந்தும்

இக்கணினிக்கு வேண்டியது 200 ஊசிகள் கொண்ட, மடிக்கணினிகளுக்கான டிடிஆர்2 ராம் பலகை. இது 67.6 மில்லிமீட்டர் நீளமானது, அதாவது மேசைக்கணினி ராமில் ஏறத்தாழப் பாதி. முந்தைய டிடிஆர் வகைக்கும் 200 ஊசிகளே. ஆனால் அது 2.5 வோல்ட்டிலும், டிடிஆர்2 1.8 வோல்ட்டிலும் இயங்குகின்றன. தவறான வகை செருகப்படாமல் இருக்க, பலகையின் விளிம்பில் உள்ள வெட்டு சற்றே இடம் மாறி அமைந்திருக்கும். டிடிஆர்3 வகைக்கு 204 ஊசிகள், டிடிஆர்4 வகைக்கு 260. 'மடிக்கணினி ராம்' என்று மட்டும் கேட்டு வாங்கினால் இவற்றில் எதுவும் கைக்கு வரலாம். ஆகவே பலகையின் மேல் ஒட்டிய தாளைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

என்270 செயலியுடன் வரும் இன்டெல் 945ஜிஎஸ்இ சில்லுத்தொகுதி 533 மெகாஹெர்ட்சு வேகத்தில் நினைவகத்தை இயக்குகிறது. 667 என்று குறிக்கப்பட்ட பலகையும் பொருந்தும், ஆனால் அது 533இல்தான் ஓடும். வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. அளவைப் பொறுத்தவரை 1 ஜிபி பலகையே உரியது. பற்றவைத்த 512 எம்பியுடன் சேர்ந்து 1.5 ஜிபி கிடைக்கும். ஏ150 மாதிரியில் ஏற்கெனவே உள்ள 512 எம்பி பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் 1 ஜிபியை வைக்க வேண்டும் என்பதால் அங்கு உண்மையான கூடுதல் 512 எம்பி மட்டுமே. இவ்வளவு பிரித்துச் சேர்க்கும் உழைப்புக்கு அது ஈடாகுமா என்பதை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். ஏ110 மாதிரியில் நினைவகம் மூன்று மடங்காகிறது. அங்கு இக்கேள்விக்கே இடமில்லை.

முன்னேற்பாடுகள்

கோப்புகளைப் படியெடுத்து வைப்பதே முதல் வேலை. நினைவகத்தை மாற்றுவதால் சேமிப்பகத்தில் உள்ளவை அழியா. எனினும் ஏ110 மாதிரியில் சேமிப்பகத்தின் மெல்லிய நாடாவடமும் தாய்ப்பலகையில்தான் இணைகிறது. அது கிழிந்தால் கோப்புகளை வேறு வழியில் எடுப்பது கடினம்.

சிறிய நட்சத்திரத் திருப்புளி, பிளாஸ்டிக்கால் ஆன தட்டையான நெம்புகோல், வெளிச்சமான மேசை ஆகியவை போதும். நெம்புகோலுக்குக் காலாவதியான ஏடிஎம் அட்டை நன்றாகவே உதவும். இரும்புத் திருப்புளியால் நெம்பினால் ஓரங்களில் நிலையான வடு விழும். திருப்புளியின் முனை திருகாணித் தலையில் ஆடாமல் பொருந்த வேண்டும். சிறியதைக் கொண்டு முரட்டுத்தனமாகத் திருகினால் தலை வழுக்கிப் போய்விடும், பிறகு அதை எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

நிலைமின்னூட்டத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. உலர்ந்த நாளில் கம்பளத்திலோ செயற்கை இழைத் துணியிலோ உராய்ந்த உடல் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தைத் தாங்கியிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் மனிதருக்குத் தீங்கில்லை, கைவிரலில் ஒரு சுள்ளென்ற உணர்வோடு முடிந்துவிடும். அந்த உணர்வே ஏறத்தாழ 3000 வோல்ட்டுக்கு மேல்தான் தெரியவரும். அதற்கும் குறைவான அழுத்தத்திலேயே சில்லுகள் பழுதடையக் கூடும் என்பதால், 'ஷாக் அடிக்கவில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை' என்று கொள்ள முடியாது. பருத்தி ஆடை அணிந்து, வேலையைத் தொடங்கும் முன்பும் இடையிலும் புவியோடு இணைந்த உலோகத்தைத் தொட்டுக்கொள்வது எளிய காப்பு. ராம் பலகையை எப்போதும் ஓரங்களில் பிடிக்க வேண்டும்.

திருகாணிகளின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடும். குட்டையானது இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதை முறுக்கினால் அது மேல்மூடியைத் துளைத்துக்கொண்டு வெளிவரலாம், அல்லது தாய்ப்பலகையின் மின்தடத்தை அறுக்கலாம். ஒரு தாளில் கணினியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடத்தில் செல்லோடேப்பால் ஒட்டிவைப்பது பழைய முறை. இன்றும் இதைவிடச் சிறந்த முறை இல்லை. ஒவ்வொரு நிலையிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் வடங்கள் எவ்வழியாகச் சென்றன என்பதும் பதிவாகிவிடும்.

பிரிக்கும் முறை

கணினியை முற்றிலும் நிறுத்தி, மின்னேற்றியைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற வேண்டும். உறக்க நிலையில் விட்டுவிட்டுப் பிரிக்கக் கூடாது, ஏனெனில் அந்நிலையில் நினைவகத்துக்கு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும். பேட்டரி எடுத்தபின் ஆற்றல் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மின்தேக்கிகளில் எஞ்சியதும் வடிந்துவிடும்.

அடுத்தது விசைப்பலகை. அதன் மேல் விளிம்பை, அதாவது திரையை ஒட்டிய பக்கத்தை, சிறு கொக்கிகள் பிடித்திருக்கும். நெம்புகோலால் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளியபடி அவ்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் விசைப்பலகை எழும்பும். அதை அப்படியே இழுத்துவிடக் கூடாது. அடியில் அகலமான நாடாவடம் ஒன்று தாய்ப்பலகையோடு இணைந்திருக்கும். விசைப்பலகையைத் தொடுபலகையின் மேல் கவிழ்த்து வைத்து, இணைப்பானின் பூட்டைத் திறந்த பின்னரே நாடாவை எடுக்க வேண்டும்.

பிறகு அடிப்புறத் திருகாணிகளையும், விசைப்பலகை இருந்த இடத்தில் தெரியும் திருகாணிகளையும் கழற்ற வேண்டும். இதன் பின்னும் மேல்மூடி எளிதில் வராது. சுற்றிலும் பிளாஸ்டிக் கொளுவிகள் அதைப் பற்றியிருக்கும். ஏடிஎம் அட்டையை ஓரத்தில் நுழைத்து மெதுவாகச் சுற்றிவந்தால் ஒவ்வொன்றாக 'டக்' என்ற ஒலியோடு விடும். எந்த இடத்திலாவது அழுத்திப் பார்த்தும் வரவில்லை என்றால் அங்கு பெரும்பாலும் ஒரு திருகாணி விடுபட்டிருக்கும். அந்நிலையில் பலத்தைக் கூட்டுவதைவிட மீண்டும் ஒருமுறை தேடுவதே மேல். மூடி எழும்பியதும் தொடுபலகை முதலிய சிறு பாகங்களின் நாடாக்கள் தெரியும், அவற்றையும் விடுவிக்க வேண்டும்.

இப்போது தாய்ப்பலகை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். திரையின் வடம், ஒலிபெருக்கி வடம், வைஃபை அட்டையில் மாட்டிய மெல்லிய அலைவாங்கிக் கம்பிகள், சேமிப்பகத்தின் வடம் ஆகியவற்றை நீக்கி, பலகையைப் பிடித்துள்ள திருகாணிகளையும் எடுக்க வேண்டும். அலைவாங்கிக் கம்பிகளின் முனை சட்டைப் பொத்தான் போல அழுத்தி மாட்டப்பட்டிருக்கும், அதை நேர் மேலே தூக்க வேண்டும். எது எதில் இருந்தது என்று குறித்துக்கொள்ளவும் வேண்டும். செயலியின் மேல் உள்ள வெப்பக்கடத்தியையும் விசிறியையும் கழற்றத் தேவையில்லை. கழற்றினால் வெப்பப் பசையைப் புதிதாகப் பூச வேண்டியிருக்கும். விசிறியின் இடுக்கில் சேர்ந்த தூசியை மட்டும் சிறு தூரிகையால் தட்டிவிடலாம்.

ஓரத்துத் துளைகளில் செருகியிருக்கும் யுஎஸ்பி, ஒலி வாயில்கள் விடுபடுமாறு பலகையைச் சாய்த்து எடுத்துத் திருப்பினால் செருகுவாய் தெரியும்.

நாடாவடங்களின் பூட்டுகள்

இவ்வேலையில் கெட்டுப்போகும் கணினிகளில் பலவும் ராமினால் கெடுவதில்லை, நாடாவடங்களின் பூட்டுகளால் கெடுகின்றன. எனவே இவற்றைத் தனியே அறிய வேண்டும். நாடா செருகப்படும் இணைப்பானில் சில மில்லிமீட்டரே அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். பூட்டு திறந்திருக்கும்போது நாடா எந்த எதிர்ப்பும் இன்றி உள்ளே போய் வரும். மூடியதும் உள்ளிருக்கும் ஊசிகள் நாடாவின் உலோகக் கோடுகளை அழுத்திப் பிடிக்கும்.

பூட்டு இரு வகைப்படும். ஒன்றில் பட்டை கதவைப் போல மேல்நோக்கித் திறக்கும், நகத்தால் நெம்பினால் போதும். மற்றொன்றில் பட்டையின் இரு முனைகளிலும் சிறு காதுகள் இருக்கும். அவற்றை நாடாவின் திசையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இழுக்க வேண்டும், அதுவும் இருபுறமும் மாறி மாறி. இழுக்க வேண்டியதை மேலே நெம்பினால் காது ஒடியும். ஒடிந்த பூட்டுக்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை, இணைப்பானையே பற்றுவைத்து மாற்றியாக வேண்டும். ஆகவே தொடும் முன் ஒரு கண்ணாடி வில்லையால் பார்த்து எந்த வகை என்று தெரிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். பூட்டைத் திறக்காமல் நாடாவை இழுப்பதும் இதே அளவு தீங்கானது, நாடாவின் முனையில் உள்ள உலோகப் பூச்சு உரிந்துவிடும்.

திரும்பச் செருகும்போது நாடா நேராக, முழு ஆழத்துக்கும் போயிருக்க வேண்டும். ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாலும் விசைப்பலகையில் சில எழுத்துகள் மட்டும் வேலை செய்யாமல் போகும். பழுது என்று எண்ணிப் புதிய விசைப்பலகை வாங்கும் முன் நாடாவை ஒருமுறை எடுத்துச் செருகிப் பார்க்க வேண்டும்.

ராமைப் பொருத்துதல்

இத்தனைக்குப் பிறகு வரும் உண்மையான வேலை அரை நிமிடமே. ஏற்கெனவே பலகை இருந்தால், இருபுறமும் உள்ள உலோகப் பற்றிகளை வெளிப்பக்கமாக விலக்கினால் அது தானே சாய்வாக எழும். புதிய பலகையை வெட்டு பொருந்துமாறு வைத்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் செருக வேண்டும். பொன்முலாம் பூசிய தொடுபுள்ளிகள் அநேகமாக மறையும் வரை உள்ளே போக வேண்டும், பாதியில் நிற்கும்போது கீழே அழுத்தக் கூடாது. பிறகு பற்றிகள் இருபுறமும் பிடித்துக்கொள்ளும் வரை தட்டையாக அழுத்த வேண்டும்.

மூடும் முன் சோதனை

அனுபவம் உள்ளவர்கள் எல்லாத் திருகாணிகளையும் முறுக்கிய பிறகு கணினியை இயக்குவதில்லை. தாய்ப்பலகையை இடத்தில் வைத்து, திரை, விசைப்பலகை, மேல்மூடி ஆகியவற்றின் வடங்களை இணைத்து, பேட்டரியை மாட்டி ஒருமுறை இயக்குகிறார்கள். எஃப்2 விசையை அழுத்தி பயாஸ் அமைப்புக்குள் சென்றால் மொத்த நினைவகம் தெரியும். அளவு மாறவில்லை என்றாலோ திரை கறுப்பாகவே இருந்தாலோ பெரும்பாலும் ராம் சரியாக அமரவில்லை என்று பொருள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மீண்டும் செருக வேண்டும். அப்போதும் இல்லையென்றால் புதிய பலகையை எடுத்துவிட்டு, பற்றவைத்த 512 எம்பியோடு மட்டும் இயக்கிப் பார்க்கலாம். அது இயங்கினால் தாய்ப்பலகை நலமாக உள்ளது, குறை புதிய பலகையில் இருக்கிறது. செருகுவாயோடு பற்றவைத்த நினைவகமும் இருப்பதில் உள்ள நன்மை இது.

இயங்குதளம் காட்டும் அளவு 1536 எம்பியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது பிழையன்று. சில்லுத்தொகுதியில் உள்ள வரைகலைப் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது, முதன்மை நினைவகத்திலிருந்தே அது பங்கு எடுத்துக்கொள்கிறது.

டிடிஆர்2 இன்று பெரும்பாலும் பயன்படுத்திய பொருளாகவே கிடைப்பதால், மெம்டெஸ்ட்86+ போன்ற நிரலை யுஎஸ்பியிலிருந்து இயக்கி ஒரு முழுச் சுற்றாவது சோதிப்பது நல்லது. ஆட்டம் செயலியில் இதற்கு நெடுநேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தப் பலகையைத் திருப்பிக் கொடுப்பதே முறை. பழுதான ராம் கணினியை உடனே நிறுத்திவிடாது. சேமிக்கும் கோப்புகளில் சத்தமின்றி ஓரிரு பிட்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். அது தெரியவரும்போது படியெடுத்த கோப்புகளும் கெட்டிருக்கும்.

பயனும் எல்லையும்

1.5 ஜிபி ஆனதும் செயலியின் வேகம் கூடுவதில்லை. இடமாற்றத்துக்காகக் காத்திருக்கும் நேரம்தான் குறைகிறது. எளிய பணிச்சூழல் கொண்ட லினக்சில் எழுதுதல், மின்னூல் படித்தல், நிரலாக்கம் கற்றல் போன்றவை தடையின்றி நடக்கும். இன்றைய இணையதளங்களைத் திறப்பது வேறு செய்தி.

என்270 ஒரு 32 பிட்டுச் செயலி. 64 பிட்டு நிரல்கள் இதில் ஓடா. இந்த எல்லையை எவ்வளவு ராமைச் சேர்த்தாலும் கடக்க முடியாது. கூகுள் குரோம் உலாவி 32 பிட்டு லினக்சுக்கான ஆதரவை 2016இல் நிறுத்தியது. டெபியன் இயங்குதளத்தின் 12ஆம் பதிப்பு வரை இத்தகைய கணினிகளில் நேரடியாக நிறுவ முடிந்தது, 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட்டுக் கணினிகளுக்கான நிறுவியும் கருவகமும் நீக்கப்பட்டன. எனவே இன்று இவ்வேலையில் இறங்குபவர், கணினியை இணையத்துக்கு வெளியே எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்பதை முடிவு செய்துகொண்டு இறங்குவது பொருத்தம்.

புதிய மடிக்கணினிகளில்

ஆஸ்பைர் ஒன்னில் பிரிப்பது கடினமாக இருந்தாலும் செருகுவாய் என்று ஒன்று இருந்தது. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் முழுவதும் பற்றவைக்கப்பட்டே வருகிறது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வேகத்தில் இயங்கும் எல்பிடிடிஆர் வகைச் சில்லுகள் செயலிக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும் என்பதும், செருகுவாயின் நீண்ட மின்தடங்கள் அவ்வேகத்துக்கு ஒத்துவருவதில்லை என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். இவை வெறும் சாக்குகள் அல்ல. எனினும் விற்கும்போதே கூடுதல் நினைவகத்துக்கு அதிக விலை வாங்க இது நிறுவனங்களுக்கு வசதியாகவும் அமைந்துவிட்டது.

இதற்கு மாற்றாக, தாய்ப்பலகையின் மேல் தட்டையாக வைத்துத் திருகாணியால் இறுக்கும் கேம்2 என்ற புதிய வகை நினைவகப் பலகைக்கான தரத்தை ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது. இதில் எல்பிடிடிஆர் சில்லுகளையும் கழற்றி மாற்றும் வகையில் அமைக்கலாம். 2024இல் லெனோவா நிறுவனத்தின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை மடிக்கணினி இவ்வகைப் பலகையோடு விற்பனைக்கு வந்தது.